ஸ்விஃப்ட் 1.2 பெட்ரோலில் ரெவ் லிமிட்டை (இன்ஜின் நிமிடத்துக்குச் சுழலக்கூடிய உச்ச வரம்பை) 7000க்கு ஏற்றினால் வண்டி வேகமாகுமா?

இ.சி.யூ.வில், அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியில், அந்த வரம்பை மட்டும் மாற்றினால் ஆகாது. பழைய கே12 இன்ஜின் உச்சமாக 83 குதிரைத்திறன், அதாவது சுமார் 61 கிலோவாட், தருவது 6000 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு 6000 சுற்று). அங்கே டார்க் (சுழற்றும் விசை) ஏறக்குறைய 97 நியூட்டன் மீட்டர். அதற்கு மேல் சிலிண்டருக்குள் காற்று முழுசாக நிரம்ப நேரம் போதாது, டார்க் சரியும். 7000இல் அது 75 ஆகிவிட்டால் கிடைப்பது 55 கிலோவாட்தான். (டார்க் × ஆர்.பி.எம். ÷ 9549, நீங்களே போட்டுப் பாருங்கள்.) சத்தம் கூடும், இழுவை குறையும்.

ஆபத்து வேறு. பிஸ்டனின் நிலைம விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்: 6000ஐவிட 7000இல் 36 சதவீதம் அதிகம். அது பிஸ்டனை கிராங்க்ஷாஃப்ட்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் போல்ட்டில் விழும். வால்வு ஸ்பிரிங் கேமை (வால்வைத் திறக்கும் சுழல் பகுதியை) பின்தொடர முடியாமல் வால்வு மிதந்தால் பிஸ்டனில் இடித்து வளையக்கூடும்.

உயர் வேகத்துக்கென்றே வடிவமைத்த ஹோண்டா எஸ்2000 ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜின் சுமார் 8300இல் உச்சத் திறன் தந்தது. அதனால் 9000 வரை போவதில் பொருள் இருந்தது. உங்களுக்கும் அப்படி வேண்டுமென்றால் முதலில் கேம்ஷாஃப்ட், கடினமான வால்வு ஸ்பிரிங், இன்டேக், வலுவான ராடு போல்ட். பிறகு டைனோவில் (திறனை அளக்கும் கருவியில்) ஓட்டி, உச்சத் திறனுக்கு மேல் ஒரு 300 முதல் 500 ஆர்.பி.எம். வரை லிமிட் வையுங்கள். கியர் மாற்றியதும் ஆர்.பி.எம். ஊசி நல்ல இழுவை உள்ள இடத்தில் விழ அது போதும். தவறாகக் கீழ் கியர் போட்டால் எந்த லிமிட்டரும் காக்காது, சக்கரமே இன்ஜினைச் சுழற்றிவிடும்.