வெனிஸ் மணி எப்படி ஆப்பிரிக்க மணியாச்சு?

கேள்வி: பழைய ஆப்பிரிக்க மணிமாலை என்று ஒன்றை ஆசையாக வாங்கினேன். பூப்பூவாகப் போட்ட கண்ணாடி மணிகள். விவரம் தெரிந்த நண்பர் பார்த்துவிட்டு, இது இத்தாலியில் செய்தது என்கிறார். ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லை. நண்பர் சொன்னதும் பொய்யில்லை. உங்களிடம் இருப்பது மில்லிஃபியோரி மணியாக இருக்கலாம். பல நிறக் கண்ணாடிக் கம்பிகளைக் கட்டாகச் சேர்த்து உருக்கி, இழுத்து, வில்லை வில்லையாக வெட்டி மணிமேல் பதிப்பது வெனிஸ்காரர்களின் கைவேலை. 19-ஆம் நூற்றாண்டில் இவை மூட்டை மூட்டையாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போயின. ஐரோப்பியர்கள் கண்ணாடி மணியைக் கொடுத்துத் தங்கமும் தந்தமும் பாமாயிலும் வாங்கினார்கள், அதற்கு முன்பு மனிதர்களையே வாங்கினார்கள் (விற்கிறவர்கள் இந்தக் கதையை மட்டும் சொல்வதில்லை). ஆனால் கொடுத்ததையெல்லாம் அங்கே வாங்கிக்கொள்ளவில்லை. ஊருக்கு ஊர் ரசனை வேறு, நிறம் பிடிக்காவிட்டால் சரக்கு அப்படியே கிடக்கும். அந்த ரசனைக்குத் தகுந்தபடிதான் வெனிஸில் உலை எரிந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவின் மாசாய் பெண்கள் கோக்கும் பாசியிலும் நிறைய செக் நாட்டுச் சரக்குதான், அதற்காக அதை செக் நகை என்று யாரும் சொல்வதில்லையே!

அங்கேயே செய்த மணிதான் வேண்டும் என்றால் கானாவின் குரோபோ மக்களுடையதைத் தேடுங்கள். உடைந்த பாட்டில்களை இடித்துத் தூளாக்கி, களிமண் அச்சுக் குழியில் கொட்டி, நடுவில் மரவள்ளி இலைக்காம்பைச் செருகி உலையில் வைக்கிறார்கள். காம்பு எரிந்துபோக, துளை மிஞ்சுகிறது. டிப்போ என்ற சடங்கில் பருவப் பெண்கள் பாட்டி வழி வந்த மணிகளை இடுப்பிலும் கழுத்திலும் அடுக்கடுக்காகப் போடுவார்கள்.

பழசா புதுசா என்று பார்க்க, பூவை விட்டுவிட்டு மணியின் ஓரத்தைப் பாருங்கள். பல வருடம் கோத்துக் கிடந்த மணி, பக்கத்து மணியோடு உரசி உரசித் துளையைச் சுற்றித் தேய்ந்து மழுங்கியிருக்கும்.

கேள்வி: எத்தியோப்பிய வெள்ளிப் பதக்கம் ஒன்றில் 1780 என்று பொறித்திருக்கிறது. அவ்வளவு பழசா?

பதில்: அது ஆஸ்திரிய அரசி மரியா தெரசாவின் தாலர் என்ற வெள்ளிக் காசு. அந்த அரசி இறந்த வருடம் 1780. அதற்கப்புறம் எப்போது அடித்தாலும் அதே 1780-தான். போன வருடம் அடித்ததிலும் அதுவே இருக்கும். எத்தியோப்பியாவில் நெடுங்காலம் பணமாகப் புழங்கிய காசு, தட்டார்கள் இதை உருக்கித்தான் சிலுவையும் வளையலும் செய்தார்கள். ஆக வருடத்தை நம்பி விலை கொடுக்காதீர்கள், வேலைப்பாட்டுக்குக் கொடுங்கள்.

கேள்வி: மாலியிலிருந்து வந்த பெரிய மஞ்சள் ஆம்பர் மணிகள். அசலா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: ஆம்பர் என்பது மண்ணில் புதைந்து இறுகிய பழங்கால மரப்பிசின். 'ஆப்பிரிக்க ஆம்பர்' என்று விற்பதில் நிறைய பேக்கலைட் வகைச் செயற்கைப் பிசின், 20-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் செய்து அனுப்பியது. சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்வார்கள், வேண்டாம், மணியில் தழும்பு விழும். தண்ணீரில் உப்பு இனிமேல் கரையாது என்கிற அளவுக்குக் கரைத்து மணியைப் போடுங்கள். பேக்கலைட் மூழ்கும், ஆம்பர் மிதக்கும். மிதந்ததாலேயே அது ஆம்பர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், கோபால் என்ற இளம் மரப்பிசினும் சில பிளாஸ்டிக்கும்கூட மிதக்கும். அப்புறம், மாலையோடு முக்காமல் ஒரு மணியைக் கழற்றிப் போடுங்கள், பழைய நூல் நனைந்தால் இற்றுவிடும்.