வட்டி குறைவு என்று இரண்டாவது மெஷின் போட்ட அண்ணாச்சிக்கு

அண்ணாச்சி, 2021-இல் வட்டி குறைவென்று கடன் வாங்கி வள்ளியூரில் இரண்டாவது ஹாலோ பிளாக் மெஷின் போட்டதாகவும், பிறகு தவணை ஏறி ஆர்டர் இறங்கியதாகவும் எழுதியிருந்தீர்கள். 'ஆஸ்திரியப் பொருளியல் இதை அன்றே சொல்லிவிட்டது என்கிறான் மருமகன், நிஜமா?' என்றும் கேட்டிருந்தீர்கள்.

பாதி நிஜம். ஆஸ்திரியப் பொருளியலாளர் மீசஸ் 1912-இல் தொடங்கி, அவர் வழிவந்த ஹாயெக் வளர்த்த வாதம் அது. நம்ம ஊர்க் கணக்கில் சொல்கிறேன். பாபநாசம் அணையின் முழு மட்டம் 143 அடி. 60 அடிதான் நிற்கிறது, ஆனாலும் மடையை முழுசாகத் திறந்துவிட்டார்கள் என்று வையுங்கள். கால்வாய் நிறைய ஓடுவதைப் பார்த்து எல்லோரும் பிசான நெல் பருவத்துக்கு நாற்றுப் பாவுவார்கள். கதிர் வரும்போது தண்ணீர் இராது. அணைத் தண்ணீர்தான் மக்களின் சேமிப்பு. கால்வாய் ஓட்டம் மலிவுக் கடன். சேமிப்பு கூடாமலே கடனைப் பெருக்கினால், பலன் தர நாளாகும் மெஷின், கட்டடம் போன்றவற்றில் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கி, பாதியில் முடங்குகிறார்கள்.

ரெப்போ வட்டி, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி, 2020 மே மாதம் 4 சதவீதம். 2022 மே முதல் ஏறி, 2023 பிப்ரவரியில் 6.5. உங்கள் கடன் மிதக்கும் வட்டி (ரெப்போவோடு ஏறி இறங்குவது) என்றால் தவணை ஏறியது இதனால்தான்.

ஆனால் ஆர்டர் குறைந்ததற்கும் இதுவே காரணம் என்று மருமகன் அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். பக்கத்தில் புதுசாக யாராவது பட்டறை போட்டார்களா? பொருளாதாரத்தில் பெரிய ஏற்றத்துக்குப் பின் பெரிய இறக்கம் வரும் என்பதற்கு அமெரிக்கப் புள்ளிவிவரத்தில் ஆதாரமில்லை என்று சந்தைப் பொருளாதாரத்தை ஆதரித்த அமெரிக்கப் பொருளியலாளர் மில்டன் ஃபிரீட்மனே மறுத்திருக்கிறார்.

மெஷினை அவசரப்பட்டு விற்க வேண்டாம். 2025-இல் ரெப்போ இறங்கியது. அது உங்கள் தவணையில் வந்ததா என்று முதலில் வங்கியில் கேளுங்கள்.