கனரக இயந்திரங்களைக் கப்பலில் அனுப்ப: கேள்வி பதில்

கேள்வி: சார், 22 டன் ஹைட்ராலிக் பிரஸ் ஒன்றை அனுப்ப வேண்டும். நீளம் 4.2 மீட்டர், அகலம் 2.1, உயரம் 2.45. இருபது அடி கன்டெய்னரில் ஏறுமா?

பதில்: எடை தாங்கும். சாதாரண இருபது அடிப் பெட்டி சுமார் 28 டன் வரை ஏற்கும். இடிப்பது உயரம்தான். அதன் கதவு சுமார் 2.28 மீட்டர்தான் இருக்கும். உயரம் கூடிய பெட்டியான நாற்பது அடி ஹைக்யூபில் கதவு சுமார் 2.58 மீட்டர் என்பதால் நுழைந்துவிடும் என்று தோன்றும். ஆனால் அடியில் 15 செ.மீ. மரச்சட்டம் வைத்தால் மொத்தம் 2.60 ஆகிவிடும். எப்போதும் பேக்கிங்கோடு சேர்த்து அளந்து சொல்லுங்கள். கேட்லாக் அளவை வைத்துக் கட்டணம் கேட்டால் துறைமுகத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

மேல் சிலிண்டரைக் கழற்ற முடியுமா என்று தயாரிப்பாளரிடம் கேளுங்கள். 40 செ.மீ. குறைந்தால் போதும், வழக்கமான பெட்டியிலேயே போகலாம். இல்லையென்றால் கூரை திறக்கும் ஓப்பன் டாப் பெட்டி, கிரேனால் மேலிருந்து இறக்குவது. உயரம் பெட்டியைத் தாண்டினால் அதன்மேல் வேறு பெட்டி அடுக்க முடியாது, அந்த இழந்த இடத்துக்கும் காசு கேட்பார்கள். எந்தப் பெட்டியானாலும் 22 டன்னை நாலு கால்களில் மட்டும் நிற்க விடாதீர்கள். எடையைத் தரை முழுக்கப் பரப்ப நீளவாக்கில் இரும்பு பீம் அல்லது கனமான மரக்கட்டை போடுங்கள்.

கேள்வி: பழைய எக்ஸ்கவேட்டர் அனுப்புகிறோம். ரோரோவா, ஃபிளாட் ரேக்கா?

பதில்: சொந்தமாக ஓடுகிறது என்றால் என் ஓட்டு ரோரோவுக்குத்தான். ஓட்டி ஏற்றி, ஓட்டி இறக்குவதால் கிரேன் தூக்கும் ஆபத்து இல்லை. அந்தத் துறைமுகத்துக்கு ரோரோ கப்பல் வராவிட்டால் ஃபிளாட் ரேக், அதாவது பக்கச் சுவரும் கூரையும் இல்லாத பெட்டி.

எப்படி அனுப்பினாலும் மண் இருக்கக் கூடாது. செயின் இடுக்கு, பக்கெட் பல்லின் அடி, ரேடியேட்டர் கூடு எல்லாவற்றையும் அழுத்தமான தண்ணீரில் கழுவுங்கள். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் ஒட்டிய மண்ணையும் விதையையும் பார்த்தால் அங்கேயே கழுவச் சொல்லும், திருப்பி அனுப்பவும் செய்யும். செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை, நாற்றப்பூச்சி உள்ள நாடுகளிலிருந்து வரும் இயந்திரங்களுக்குப் புகையூட்டலோ வெப்பச் சிகிச்சையோ கேட்பார்கள்.

கேள்வி: போன முறை அனுப்பிய சிஎன்சி இயந்திரம் துருப்பிடித்து இறங்கியது. பெட்டியில் ஓட்டை எதுவும் இல்லை. தண்ணீர் எங்கிருந்து வந்தது?

பதில்: நீங்கள் உள்ளே வைத்துப் பூட்டிய காற்றிலிருந்தும் மரத்திலிருந்தும் வந்தது. பகலில் பெட்டி சூடாகும்போது மரச்சட்டத்தின் ஈரம் காற்றில் கலக்கும். இரவில் கூரைத் தகடு குளிர்ந்ததும் அந்த ஈரம் துளிகளாகிச் சொட்டும். பெரிய வார்ப்பிரும்புப் பாகம் மெதுவாகத்தான் சூடேறும். குளிர்ந்த நாட்டிலிருந்து வெப்பக் கடலுக்குள் கப்பல் நுழையும்போது இயந்திரத்தின் மேலேயே வியர்க்கும். வழிகாட்டித் தண்டுகளில் முதலில் துரு தெரிவது இதனால்தான்.

இம்முறை இப்படிச் செய்யுங்கள். கூலன்ட்டை முழுக்க வடித்து, தொட்டியைத் துடைத்துக் காயவிடுங்கள். பளபளப்பான பரப்புகளில் துருத்தடுப்பு எண்ணெய் தடவுங்கள். அதன்மேல் அலுமினியப் படல உறையைச் சுற்றி, உள்ளே ஈரமுறிஞ்சிப் பைகளை வைத்து, காற்றை உறிஞ்சி ஒட்டிவிடுங்கள். பிளாஸ்டிக் தாளை மட்டும் தளர்வாகச் சுற்றுவதைவிடச் சுற்றாமலே விடலாம். அது ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும். மரம் காய்ந்ததாக இருக்கட்டும். மரப் பேக்கிங்கில் பூச்சி இல்லை என்பதற்கான ஐஎஸ்பிஎம் 15 முத்திரையைப் பார்த்ததும் மரம் காய்ந்தது என்று நம்பிவிடாதீர்கள். மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் இருந்தால் அந்த முத்திரை கிடைத்துவிடும். பூச்சி சாகும், ஈரம் போயிருக்க வேண்டியதில்லை.

கேள்வி: லேஷிங் (சரக்கு நகராமல் போடும் கட்டு) எவ்வளவு போட வேண்டும்? 20 டன் லேத், ஃபிளாட் ரேக்கில்.

பதில்: கப்பல் உருளும்போது பக்கவாட்டில் எடையின் 0.8 மடங்கு வரை விசை வரலாம் என்று வைத்துத்தான் கணக்கிடுவார்கள். உங்கள் லேத்துக்கு அது 16 டன். அடியில் உராய்வுப் பாய் போட்டால் கட்டுகளின் பாரம் குறையும். இரும்பின் மேல் இரும்பை நேரடியாக வைக்கவே கூடாது. தயாரிப்பாளர் குறித்த இடங்களில் மட்டும் கட்டுங்கள். மோட்டார் உறையிலும் கைப்பிடியிலும் சங்கிலி மாட்டியதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். ஈர்ப்பு மையத்தை நாலு பக்கமும் பெயின்ட்டில் குறியுங்கள். லேத்தில் எடை, சுழலும் தலையான ஹெட்ஸ்டாக் பக்கம்தான் அதிகம். கிரேன் ஆபரேட்டர் நடுவைப் பிடித்துத் தூக்கினால் ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

கேள்வி: சிஐஎஃப் விலையில் (சரக்கு விலை, காப்பீடு, கப்பல் கட்டணம் சேர்ந்தது) வாங்குகிறேன். விற்பவரே இன்சூரன்ஸ் எடுக்கிறார். அது போதுமா?

பதில்: போதாது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சிஐஎஃப்பில் விற்பவர் குறைந்தபட்சக் காப்பீடு எடுத்தாலே போதும். அது இன்ஸ்டிடியூட் கார்கோ கிளாசஸ் என்ற காப்பீட்டு விதிகளின் ‘சி’ பிரிவு. கப்பல் மூழ்குவது, தீப்பிடிப்பது போன்ற பெரும் விபத்துகளுக்குத்தான் அது. ஏற்றும்போது தூக்கும் பட்டை (ஸ்லிங்) நழுவி இயந்திரம் விழுந்தாலோ, கப்பலின் திறந்த மேல்தளத்தில் வைத்த இயந்திரத்தை அலை அடித்துக்கொண்டு போனாலோ பணம் வராது. ‘ஏ’ பிரிவு கேட்டு வாங்குங்கள். தளத்தில் ஏற்றுவார்களா என்பதை முன்பே கேட்டு, காப்பீட்டாளருக்கும் எழுதித் தெரிவியுங்கள். ‘ஏ’ எடுத்தாலும் மோசமான பேக்கிங்கால் வந்த சேதத்துக்குப் பணம் தரமாட்டார்கள். ஏற்றுவதற்கு முன் எடுத்த படங்கள் அங்கேதான் உதவும்.

பொதுச் சேதப் பங்கீடு என்று ஒன்றும் உண்டு. 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் என்ற கன்டெய்னர் கப்பல் தரைதட்டிய பிறகு அதை அறிவித்தார்கள். கப்பலையும் சரக்கையும் மீட்க ஆன செலவில் சேதமே ஆகாத சரக்கின் உரிமையாளரும் பங்கு கொடுக்க வேண்டும். காப்பீடு இருந்தால் நிறுவனம் உத்தரவாதம் கொடுத்துவிடும். இல்லாதவர் பணம் கட்டினால்தான் சரக்கு கைக்கு வரும்.

கேள்வி: எடைச் சான்றுக்கு இயந்திரத்தின் பெயர்ப்பலகை எடை போதாதா?

பதில்: அதை மட்டும் வைத்துக் கொடுக்காதீர்கள். 2016 ஜூலை 1 முதல், சரிபார்த்த மொத்த எடை இல்லாத கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றக் கூடாது. நிரப்பிய பெட்டியை எடைமேடையில் ஏற்றுங்கள். இல்லையென்றால் இயந்திரம், மரம், சங்கிலி எல்லாவற்றையும் எடை போட்டு, காலிப் பெட்டியின் எடையோடு கூட்டுங்கள். பலகையில் எண்ணெயோ, பின்னால் சேர்த்த துணைக்கருவிகளோ கணக்கில் இருக்காது. கிரேனைத் தேர்வு செய்வதே நீங்கள் சொல்லும் எடையை வைத்துத்தான். கீழே ஆட்கள் நிற்கிறார்கள்.