கணினி கேள்வி பதில்: 24 அங்குலமா, 27 அங்குலமா?

கேள்வி: அழைப்பிதழ், நோட்டீஸ் வேலைகளுக்காக எங்கள் அச்சகத்தில் இருந்த 19 அங்குலச் சதுர எல்சிடி மானிட்டர் பழுதாகிவிட்டது. 27 அங்குல மானிட்டரின் விலை 24 அங்குலத்தைவிடச் சற்றே கூடுதல் என்றும், அதில் எழுத்து பெரிதாகத் தெரியும் என்றும் கடைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா?
– வாசகர், சிவகாசி

பதில்: எழுத்து பெரிதாகத் தெரியும் என்பது உண்மைதான், தெளிவாகத் தெரியுமா என்பதே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. விலை குறைந்த 27 அங்குல மானிட்டர்கள் பெரும்பாலும் 1920 × 1080 பிக்சல் (திரையில் படத்தை உருவாக்கும் சிறு புள்ளி) கொண்டவை. 24 அங்குலத்திலும் அதே எண்ணிக்கைதான் என்பதால், பெரிய திரையில் ஒவ்வொரு பிக்சலும் பருத்துவிடுகிறது. 1280 × 1024 பிக்சல் கொண்ட உங்கள் பழைய திரையில் ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 86 பிக்சல்கள் இருந்தன. 24 அங்குலத்தில் அது 92 ஆகும், கடைக்காரர் காட்டும் 27 அங்குலத்திலோ 82 ஆகக் குறையும். ஆங்கில எழுத்துக்கு இந்த வேறுபாடு அவ்வளவாக உறுத்தாது. ஆனால் ‘ணு’, ‘ஞூ’ போன்று சுழிகள் நெருங்கிய எழுத்துகளும் மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளியும் சிறிய அளவில் மங்கித் தெரிந்தால், பிழை திருத்துபவரின் கண் சீக்கிரம் களைத்துவிடும்.

மாறாக, செலவைக் குறைக்க 22 அங்குலத்துக்கும் இறங்கிவிடாதீர்கள். திரையின் அங்குலக் கணக்கு மூலைக்கு மூலை அளப்பது. உங்கள் சதுரத் திரையின் உயரம் சுமார் 30 செ.மீ.; அகலத்திரையில் அதே உயரம் வேண்டுமென்றால் 24 அங்குலம்தான் வாங்க வேண்டும், 22 அங்குலத்தில் 27 செ.மீ. அளவே கிடைக்கும். 24 அங்குலத் திரையின் அகலம் சுமார் 53 செ.மீ. என்பதால் இரண்டு ஏ4 பக்கங்களை ஏறத்தாழ உண்மை அளவிலேயே அருகருகே வைத்துப் பார்க்கலாம். 27 அங்குலமே வேண்டும் என்றால் 2560 × 1440 பிக்சல் உள்ளதைக் கேளுங்கள். அதில் அங்குலத்துக்கு 109 பிக்சல்கள் வரும். ஆனால் பழைய மதர்போர்டுகள் (கணினியின் முதன்மைப் பலகை) பலவற்றின் எச்டிஎம்ஐ (மானிட்டரை இணைக்கும் டிஜிட்டல் இணைப்பு) வழி 1920 × 1200 வரைதான் கொடுக்கும் என்பதால், உங்கள் கணினி தாங்குமா என்று முன்னதாகவே பார்த்துக்கொள்ளுங்கள்.

படம் தெரியும் திரைத் தகடான பேனலில் ஐபிஎஸ், டிஎன், விஏ என வகைகள் உண்டு; உங்களுக்கு ஐபிஎஸ்தான் பொருத்தம். டிஎன் பேனலில், உட்கார்ந்து பார்க்கும்போது ஒரு வண்ணமும் எழுந்து நின்றால் வேறொரு வண்ணமும் தெரியும். வாடிக்கையாளர் உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று அழைப்பிதழின் நிறத்தை ஒப்புக்கொள்ளும் தொழிலுக்கு அது ஆகாது. விஏ பேனலில் கறுப்பு ஆழமாக இருக்கும், படம் பார்க்க நன்று. கடையில் ஓடும் வண்ண வீடியோவை நம்பாதீர்கள், அது எந்த மானிட்டரையும் அழகாகத்தான் காட்டும். உங்கள் கோப்பு ஒன்றை எடுத்துச் சென்று, வெள்ளைப் பின்னணியில் சிறிய எழுத்தில் திறந்து, ஒளியைக் குறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள்.

கேள்வி: எல்சிடியைவிட எல்இடி மானிட்டர் கண்ணுக்கு நல்லதா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: கடைகளில் எல்இடி மானிட்டர் என்று விற்கப்படுவதும் எல்சிடிதான், முன்பு மெல்லிய குழல்விளக்குகள் கொடுத்த பின்னொளியை இப்போது எல்இடி விளக்குகள் கொடுக்கின்றன, அவ்வளவே. சில மானிட்டர்கள் ஒளியைக் குறைக்கும்போது விளக்கை மிக வேகமாக அணைத்து எரியவைக்கின்றன. அது சிலருக்குத் தலைவலி தரக்கூடும். எனவே விவரக்குறிப்பில் துடிப்பற்ற பின்னொளி என்று இருக்கிறதா என்று கேளுங்கள்.

கேள்வி: என் பழைய கணினியில் விஜிஏ என்ற பழைய வகை இணைப்பில்தான் மானிட்டரைப் பொருத்தியிருந்தேன். புதிய மானிட்டரில் எச்டிஎம்ஐ மட்டுமே உள்ளது. வாங்கிய அடாப்டர் வேலை செய்யவில்லை.
– வாசகர், நாமக்கல்

பதில்: நீங்கள் வாங்கியது பெரும்பாலும் எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் அடாப்டராக இருக்கும். இவை ஒருவழிப் பாதைகள். திருப்பிப் போட்டால் படம் வராது. விஜிஏவிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றுவதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், அதற்கு யூஎஸ்பி வழியாக மின்சாரமும் தேவைப்படும். அதற்கு முன் கணினியின் பின்புறத்தை ஒருமுறை பாருங்கள். வெள்ளை நிறத்தில் டிவிஐ என்ற இன்னொரு வகை இணைப்புத் துளை இருந்தால், டிவிஐ–எச்டிஎம்ஐ கேபிள் ஒன்றே போதும். இரண்டும் டிஜிட்டல் என்பதால் படம் விஜிஏவைவிடக் கூர்மையாகவே வரும். ஒலிக்கு மட்டும் பழைய ஸ்பீக்கரைத் தொடருங்கள்.

கேள்வி: புது மானிட்டரில் ஒரு சிவப்புப் புள்ளி அணையாமல் இருக்கிறது. மாற்றித் தருவார்களா?
– வாசகர், தென்காசி

பதில்: ஒரு புள்ளிக்காகப் பெரும்பாலும் மாற்றித் தரமாட்டார்கள். 1920 × 1080 திரையில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பிக்சல்கள் இருக்கின்றன. இத்தனை பழுதுகள் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு நிறுவனமும் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. உங்கள் உத்தரவாத அட்டையில் அதைப் பாருங்கள். இனி வாங்குபவர்கள், பில் போடும் முன்பே கடையில் திரை முழுவதையும் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என மாற்றிக் காட்டச் சொல்லுங்கள்.