மெட்டி ஒலி போஸ் எடுத்த படங்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். குடியாத்தத்தில் இருந்து எழுதுகிறேன். போன வாரம் வீட்டில் 'சார்' படம் போட்டோம். இயக்கம் போஸ் வெங்கட் என்று வந்ததும் அம்மா, "மெட்டி ஒலி போஸாடா? அவன் படம்லாம் எடுக்கிறானா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். எனக்கும் படம் பிடித்தது. ஆனால் எல்லாரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். 'சீரியலில் இருந்து வருகிறவர்களுக்கு வாயை மூட வராது' என்று நீங்கள் முன்பு எழுதியது ஞாபகம் வந்தது. இத்தனை வருடம் சினிமாவில் நடித்த பிறகும் சீரியல் பழக்கம் போகாதா? இன்னொன்று, அவரே நடிகர்தானே, தன் படத்தில் ஏன் தானே ஹீரோவாக நடிக்கவில்லை? நேரம் இருந்தால் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அம்மா கேட்டது சரியான கேள்விதான். அறந்தாங்கியில் பிறந்து, நடிக்கும் ஆசையில் பதினேழு வயதில் சென்னைக்கு வந்த வெங்கட்டின் பெயரில் 'போஸ்' ஒட்டிக்கொண்டதே 'மெட்டி ஒலி' சீரியலில் அவர் செய்த பாத்திரத்தால்தான். 2002 முதல் 2005 வரை சன் டிவியில் ஓடிய தொடர் அது. பாத்திரத்தின் பெயரைச் சொந்தப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளும் நடிகர்கள் நம்மிடம் உண்டு. சிலருக்கு அது பட்டம், சிலருக்குக் கைவிலங்கு. இவருக்கு ரேஷன் கார்டு மாதிரி ஆகிவிட்டது என்பேன். அதைக் காட்டித்தான் சினிமாவில் வேலை கிடைத்தது.

என்ன வேலை? பெரும்பாலும் காக்கிச் சட்டை. 'சிவாஜி'யில் இருந்தார், 'கோ'வில் இருந்தார், 'கவண்' படத்தில் இருந்தார். 'தீரன் அதிகாரம் ஒன்று' படத்தில் கார்த்தியின் கூடவே ஊர் ஊராக அலையும் போலீஸ்காரர் இவர்தான். நெடுஞ்சாலை ஓரத்து வீடுகளில் புகுந்து கொள்ளையடிக்கும் கும்பலைத் தேடும் கதை அது. சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலை ஓரத்தில் வீடு வைத்திருக்கும் நம் ஆட்களுக்கு அந்தப் படம் வெறும் கதையாக இருந்திருக்காது. அதில் அவர் முகம் ஞாபகம் இருக்கும், பெயர் ஞாபகம் இருக்காது. இரண்டாம் வரிசை நடிகரின் நிலைமை அதுதான். கதை அவர் வழியாகப் போகும், அவரைப் பற்றிப் போகாது.

அப்படி இருந்தவர் 'மெட்டி ஒலி' தொடங்கிப் பதினெட்டு வருடம் கழித்து, 2020 பிப்ரவரியில், 'கன்னி மாடம்' என்ற படத்தை இயக்கி வெளியிட்டார். சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு ஊரைவிட்டு ஓடிவரும் ஜோடிக்கு சென்னையில் ஒரு ஆட்டோக்காரர் துணை நிற்கும் கதை. நேரம் சரியில்லை. அடுத்த மாதமே கொரோனா வந்து தியேட்டர்களை மூடினார்கள். அந்த ஊரடங்கில் 'மெட்டி ஒலி'யை மறுபடி ஒளிபரப்பினார்கள் என்பதுதான் வேடிக்கை. அவர் எடுத்த படத்துக்குத் தியேட்டர் இல்லை, அவர் நடித்த பழைய சீரியலுக்கு வீடு வீடாக ஆள் இருந்தது.

இப்போது உங்கள் முதல் கேள்வி. நான் எழுதியதை மாற்றிக்கொள்ளப் போவதில்லை, கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

சீரியலில் ஒரு நாளில் ஒரு எபிசோடு அளவுக்காவது எடுத்தாக வேண்டும், அதாவது இருபது நிமிடத்துக்கு மேல். சினிமாவில் ஒரு நாளில் இரண்டு மூன்று நிமிடம் தேறினாலே நல்ல நாள். சீரியலில் வசனப் பேப்பர் பல நேரம் அன்று காலையில்தான் கைக்கு வரும். மனப்பாடம் செய்ய நேரம் இருக்காது. உதவி இயக்குநர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று பிராம்ட் கொடுப்பார், அதாவது வரியைச் சொல்லிக் கொடுப்பார், நடிகர் வாங்கிச் சொல்லுவார். ஒரே வீடு, ஒரே ஹால், ஒரே சோபா. அங்கே வேகமாக எடுக்க முடிந்த ஒரே பொருள் பேச்சுதான். அதோடு, பார்க்கிறவர் முழுசாகப் பார்ப்பதும் இல்லை. பாதி நேரம் அடுப்படியில் இருப்பார். காது மட்டும்தான் ஹாலில் இருக்கும். அதனால் கதவைத் திறந்துகொண்டு வருகிறவரே "கதவு திறந்திருக்கே, அண்ணன் வந்துட்டாரா?" என்று கேட்டாக வேண்டும். எழுதுகிறவருக்குத் திறமை இல்லாததால் வருவதில்லை இது. அந்த வேலை அதைக் கேட்கிறது.

பேசுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். நம் வட ஆர்க்காட்டில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொன்னால் எடுபடாது. திரௌபதி அம்மன் கோயில் அக்கினி வசந்த விழாவில் தெருக்கூத்துப் பார்த்திருப்பீர்கள். திரைக்குப் பின்னால் வேஷம் வந்து நிற்கும், கட்டியங்காரன் "யார் நீ?" என்று கேட்பான், துரியோதனன் தன் குலம், கோத்திரம், வீரம் எல்லாவற்றையும் தானே பாடிச் சொல்லுவான். நாம் விடிய விடியக் கேட்போம். அங்கே சொல்வது கதை புரிவதற்காக இல்லை. கதை எல்லாருக்கும் தெரியும். அந்தக் குரலையும் அடவையும் பார்க்கத்தான் உட்கார்ந்திருக்கிறோம். சீரியலில் பார்க்காதவருக்காகச் சொல்கிறார்கள், கூத்தில் பார்ப்பவருக்காகச் சொல்கிறார்கள். சினிமா பார்க்கிறவரோ இருட்டில், வேறு வேலை இல்லாமல், முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் போய் அடுப்படிக்குச் சொல்வது போலச் சொன்னால் அலுத்துவிடும்.

'சார்' படத்தில் இரண்டு வகைப் பேச்சும் இருக்கிறது. மாங்கொல்லை என்ற கிராமத்தில் தலைமுறை தலைமுறையாகப் பள்ளிக்கூடம் நடத்தும் ஆசிரியர் குடும்பம். சாமி பெயரைச் சொல்லி அந்தப் பள்ளியை ஒழிக்கப் பார்க்கும் ஆதிக்கச் சாதிக்காரர்கள். சாமி வந்து ஆடுகிறவன் பேசும்போது எனக்குத் தொந்தரவே இல்லை. அது கூத்துப் பேச்சு, ஊரே கேட்க வேண்டிய பேச்சு. வாத்தியார் கல்வியின் பெருமையைச் சொல்லத் தொடங்கும்போதுதான் காது ஹாலுக்கும் உடம்பு அடுப்படிக்கும் போய்விடுகிறது. இதில் விமல் கதாநாயகன். அவர் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவில் இருந்து வந்தவர். ந. முத்துசாமி 1977ல் தொடங்கிய அந்தப் பட்டறை பாடம் கேட்டது செய்யாறு பக்கத்துத் தெருக்கூத்து வாத்தியார் புரிசைக் கண்ணப்பத் தம்பிரானிடம். அந்த வழியில் வந்த ஒரு நடிகரிடம் உடம்பால் சொல்லச் சொல்லியிருக்கலாம். வசனத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

ஒரு சின்ன விலகல். இந்தப் படத்துக்கு முதலில் வைத்த பெயர் 'ம.பொ.சி.'. கதையில் வரும் மாங்கொல்லை, பொன்னரசன், சிவஞானம் என்பதன் சுருக்கம். எதிர்ப்பு வந்து 'சார்' ஆக்கினார்கள். மாற்றியது நல்லதுதான். 1911 வரை வட ஆர்க்காட்டில் இருந்து, பிறகு சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திராவுக்குப் போன திருத்தணி, 1960ல் தமிழ்நாட்டுக்குத் திரும்பியது ம.பொ.சி. என்கிற ம.பொ.சிவஞானம் நடத்திய எல்லைப் போராட்டத்தால். நம் பக்கத்துப் பெரியவர்களிடம் அந்த மூன்று எழுத்தைப் படப் பெயராகச் சொன்னால், திருத்தணி எப்போது வரும் என்று படம் முழுக்கக் காத்திருப்பார்கள்.

அப்புறம், சீரியல் கொடுக்கிற நல்லதும் ஒன்று உண்டு. அதை முன்பு எழுதியபோது விரிவாகச் சொல்ல இடம் இருக்கவில்லை. சின்ன வேஷக்காரரையும் மனுஷனாகப் பார்க்கும் கண் அது. வருடக்கணக்கில் ஒரே குடும்பமாக நடிக்கும்போது, இரண்டு வரி பேசிவிட்டுப் போகும் பக்கத்து வீட்டுக்காரிக்கும் ஒரு பிள்ளை, ஒரு கடன், ஒரு மாமியார் தேவைப்படும். 'கன்னி மாடம்' படத்தின் பலம் அதுதான். கதாநாயகனைவிட அவனைச் சுற்றி இருக்கிறவர்கள் நன்றாக வந்திருக்கிறார்கள். இத்தனை வருடம் ஹீரோவுக்குப் பக்கத்தில் நின்றவருக்குத்தான் அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியும்.

இரண்டாவது கேள்விக்கும் பதில் இதிலேயே பாதி இருக்கிறது என்று நினைக்கிறேன். அவர் மனதில் என்ன இருந்தது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். என் கணக்கு இது: தானே ஹீரோ ஆக வேண்டும் என்ற வெறி இருந்திருந்தால் பதினெட்டு வருடம் காத்திருக்க மாட்டார். இதே 'மெட்டி ஒலி'யை இயக்கிய திருமுருகன் அதில் கோபியாக நடித்தார். 2006ல் 'எம்டன் மகன்' என்று தொடங்கி 'எம் மகன்' ஆன நல்ல படத்தைக் கொடுத்தபோது நடிகர் பரத் என்பவரை ஹீரோவாக வைத்தார். 2008ல் எடுத்த இரண்டாவது படம் சரியாகப் போகவில்லை. டிவிக்கே திரும்பி வந்து 'நாதஸ்வரம்' எடுத்தார், மறுபடி தானே கோபி. அதன் ஆயிரமாவது எபிசோடை 2014ல் நேரலையாக, வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் நடத்திக் காட்டினார். சினிமாவில் பெயர் வாங்கிய எத்தனை பேர் அதைச் செய்யத் துணிவார்கள்? டிவிக்குத் திரும்பினால் தோல்வி என்று பேசுகிறவர்களிடம் நான் சண்டைக்குப் போவது இந்த ஒரு எபிசோடை வைத்துத்தான்.

இயக்குநரே கதாநாயகனாக நடித்தும் நன்றாக வரலாம். 'சார்' வந்த அதே 2024ல் பாரி இளவழகன் 'ஜமா' எடுத்தார். நம் பழைய வட ஆர்க்காட்டுத் திருவண்ணாமலைப் பக்கத்துக் கூத்துக்காரர்களின் கதை. பெண் வேஷம் கட்டும் நாயகனாக அவரே நடித்தார். ஜமா, அதாவது கூத்துக் குழு, நடத்தும் வாத்தியாராக வருகிறவர் யார் தெரியுமா? சேத்தன். 'மெட்டி ஒலி' மாணிக்கம். அதை அம்மாவோடு பாருங்கள். சேத்தன் பேசாமல் நிற்கும் இடங்களைக் கவனியுங்கள். அதே சீரியலில் இருந்து வந்தவர்தானே. நடிகருக்குப் பழக்கம் போகாதா என்று கேட்டீர்கள். எழுத்தும் இயக்கமும் இடம் கொடுத்தால் போகும்.

போஸ் வெங்கட் மூன்றாவது படம் எடுத்தால் முதல் நாளே பார்ப்பேன். காட்சிகளை எழுதி முடித்ததும் வசனத்தில் பாதியை அடித்துவிட்டுப் பார்க்கட்டும் என்பது மட்டும்தான் என் ஆசை.

அன்புடன்.