தக்காளி வாடலும் இடஞ்சார் பகுப்பாய்வும்

கேள்வி: பெங்களூருவை அடுத்த ஆனேக்கல் பக்கம் 3 ஏக்கரில் தக்காளி வைத்திருக்கிறேன். ஒரு மூலையில் செடிகள் பச்சையாக இருக்கும்போதே வாடிச் சாய்கின்றன. மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் என் மகன், ஜி.ஐ.எஸ். என்ற புவியியல் தகவல் அமைப்பு மூலம் இடஞ்சார் பகுப்பாய்வு செய்தால் காரணம் தெரியும் என்கிறான். நிலத்தை வரைபடமாகப் போடுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்களா ஐயா?

பதில்: வரைபடம் போடுவது வேறு, பகுப்பாய்வு வேறு. இடங்களை மாற்றிப் போட்டால் விடையும் மாறக்கூடிய ஆய்வே இடஞ்சார் பகுப்பாய்வு. பத்து இடங்களில் மண் எடுத்து அமில கார நிலையின் சராசரியைக் கண்டால், எந்த மண் எங்கிருந்து வந்தது என்பது அந்த விடையைத் தொடாது. குறைந்த அளவு காட்டிய மாதிரிகள் யாவும் வாய்க்காலின் கீழ்ப்பக்கத்தில் ஒன்றையொன்று ஒட்டி இருக்கின்றனவா என்று கேட்கும்போதுதான் பகுப்பாய்வு தொடங்குகிறது.

உங்கள் நிலத்தில் வாடிய செடிகளின் இடம், நிலத்தின் சரிவு, தண்ணீர் ஓடும் பாதை, சென்ற பருவத்தில் கத்திரியோ மிளகாயோ நின்ற பகுதி ஆகியவற்றைத் தனித்தனி அடுக்குகளாக்கி, ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, வாடல் எதனோடு சேர்ந்து போகிறது என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளே இதற்குப் போதும். செயற்கைக்கோள் படத்தை மட்டும் நம்ப வேண்டாம். சென்டினல்-2 என்ற செயற்கைக்கோள் எடுக்கும் படத்தின் ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது ஏக்கருக்குச் சுமார் 40 புள்ளிகள்தாம் என்பதால், வரப்போரம் வாடிய நான்கு செடிகள் அதில் தெரியா. கைப்பேசி காட்டும் இடமும் சில மீட்டர் விலகக்கூடும். ஆகவே வரிசையையும் செடியையும் எண்ணிக் குறிப்பதே நல்லது.

வாடல் தண்ணீர் போகும் வழியே இறங்கியிருந்தால் பாக்டீரியா வாடல் நோயை முதலில் சந்தேகிக்கலாம். ஆனால் வரைபடம் எங்கே தேடுவது என்பதைத்தான் சொல்லும், நோயை உறுதி செய்யாது. அதற்கு, அப்போதுதான் வாடிய செடியின் அடித்தண்டை அறுத்து, வெட்டிய முனையைக் கண்ணாடித் தம்ளரிலுள்ள தெளிந்த நீரில் அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற இழை இறங்கினால் அந்த நோய்தான். அப்படியானால் அந்தச் செடிகளை வேரோடு அகற்றுங்கள். அங்கிருந்து வழியும் நீர் மற்றப் பாத்திகளுக்குப் போகாமல் தடுங்கள். களைவெட்டை அந்த மூலையில் கடைசியாகச் செய்யுங்கள். அடுத்த பருவத்தில் அங்கே கேழ்வரகு அல்லது மக்காச்சோளம் போடலாம். பிறகு தக்காளிக்குத் திரும்பும்போது, ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட, இந்நோயைத் தாங்கும் அர்கா ரக்ஷக் ரகத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.