அடியில சொட்டுதுன்னா கீசர மாத்தியே ஆகணுமா? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: அண்ணே, எங்க வீட்டு 25 லிட்டர் கீசருக்கு 11 வயசு ஆச்சு. போன வாரத்துலேர்ந்து அடியில தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கு. எலக்ட்ரீஷியன் வந்து கீழேர்ந்தே அண்ணாந்து பாத்துட்டு "மொத்தமா மாத்திடுங்கம்மா, எல்லாம் சேத்து 18,000 ஆவும்"னுட்டாரு. பசங்க வெளியூர்ல, வீட்ல நாங்க ரெண்டு பேரும் மாமியாரும்தான். அவ்ளோ செலவு ஆகுமா?
- ஒரு வாசகி, தாராசுரம்

பதில்: அவசரப்பட்டு கடைக்கு ஓடாதீங்க தங்கச்சி. மெயின ஆஃப் பண்ணிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி, ஒரு பழைய துணியால கீசரோட அடிப்பக்கத்த சுத்தமா தொடச்சி விட்டுட்டு அஞ்சு நிமிஷம் அப்படியே பாத்துக்கிட்டு நில்லுங்க. முதல் சொட்டு எங்கேர்ந்து எறங்குதுங்கறதுலதான் உங்க 18,000 இருக்கு.

பச்சத்தண்ணி உள்ள போற பைப்புல ஒரு சின்ன வால்வு இருக்கும். சூடாவும்போது மட்டும் அதுலேர்ந்து சொட்டுனா அது கோளாறே இல்ல, சூட்டுல தண்ணி விரியும், அழுத்தம் ஏறும், அத வெளிய விடத்தான் அந்த வால்வயே வச்சிருக்கான். சொட்டுதேன்னு எம்-சீல் வச்சி அடச்ச வீட்டயும் நான் பாத்திருக்கேன், தலைக்கு மேல குண்ட மாட்டிக்கிட்டு குளிக்கறாங்கன்னு அவங்களுக்கே தெரியல. தண்ணிய சூடாக்கற காயில் மாட்டியிருக்கற தட்ட சுத்தி ஈரம் வந்தா ரப்பர் வாஷர் போயிருக்கும், சாமான் 100 ரூபா கூட வராது, கூலியோட 500-க்குள்ள முடிஞ்சிடும். இது ரெண்டும் இல்லாம, வெளி ஷீட்டுக்கும் அடி மூடிக்கும் நடுவுல துரு கலர்ல கோடு எறங்கியிருந்தா உள் டேங்க் ஓட்டை. அத அடைக்கறேன்னு எவனாவது வந்தா நம்பாதீங்க, 11 வருஷம் உழைச்சிடுச்சு, அனுப்பி வச்சிடுங்க.

மாத்தறதுன்னு ஆனா மூணு பேருக்கு 25 லிட்டர் எதுக்கு? 15 லிட்டர் தண்ணி 60 டிகிரிக்கு சூடானா பச்சத்தண்ணி கலந்து குளிக்கற பதத்துக்கு ரெண்டு பக்கெட் தாராளமா வரும். மார்கழி காலைல மாடி டேங்க் தண்ணி 25 டிகிரின்னு வச்சிக்கிட்டா, அத 60-க்கு கொண்டுவர 15 லிட்டருக்கு 0.6 யூனிட், 25 லிட்டருக்கு 1 யூனிட் ஆவும். 2000 வாட்ஸ் காயில்னா முன்னது 18 நிமிஷம், பின்னது அரை மணி நேரம். ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம்னு கணக்கு போட்டு ஓட்டற வீட்ல இந்த வித்தியாசம் பில்லுல தெரியும். சாயங்காலம் வோல்டேஜ் 180-க்கு எறங்குனா அதே காயில் 1200 வாட்ஸ் சொச்சம்தான் குடுக்கும், நேரம் இழுக்கும், கீசர் கெட்டுப்போச்சுன்னு நெனச்சிக்காதீங்க.

கடைக்காரர் அஞ்சு ஸ்டார்தான் வாங்கணும்னு பிடிவாதமா சொல்லுவாரு. கீசர்ல ஸ்டார்ங்கறது சூடான தண்ணி உள்ளயே எவ்ளோ நேரம் ஆறாம இருக்குங்கறதுக்குத்தான். நாள் பூரா ஸ்விட்ச போட்டே வைக்கற வீட்டுக்கு அது லாபம். நம்மள மாதிரி 20 நிமிஷம் போட்டு, குளிச்சி, அணைச்சிடற ஆளுங்களுக்கு நாலும் அஞ்சும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கான்னு மட்டும் கண்டிப்பா பாருங்க.

செலவுக்கு வரேன். 15 லிட்டர் கீசர் சுமாரா 7,000-லேர்ந்து 10,000 வரைக்கும் இருக்கு, மாட்டற கூலி 500 சொச்சம், ரெண்டு ஹோஸ் பைப் ஒரு 400. ஆக 11,000-ஐ தாண்ட வேண்டியதில்ல. மிச்சம் 7,000 எங்க போவுதுன்னா வயரிங், பைப்பு. அது உங்க வீட்டுக்கு தேவையா இல்லையாங்கறத தனித்தனியா எழுதித் தரச் சொல்லுங்க, வாய்க்கணக்கு வேணாம்.

வயரிங்க நான் சும்மா சொல்லல. எங்க வீட்ல முதல் கீசர் வாங்குனப்ப மாட்ட வந்தவரு பாத்ரூம் வெளிய ஏற்கனவே இருந்த சின்ன பிளக்லயே, அதான் 6 ஆம்பியர், ஒரு அடாப்டர் போட்டு சொருகிட்டு போயிட்டாரு. 2000 வாட்ஸ் கீசர் 9 ஆம்பியர் கிட்ட இழுக்கும். எட்டாவது நாள் காலைல ஏதோ மீன் நாத்தம் அடிக்குது, வீட்ல யாரும் மீன் வாங்கல, தேடிப் பாத்தா பிளக் பின் ரெண்டும் கருப்பா, சாக்கெட் ஓட்டை உருகி நீளமா ஆயிருக்கு. கீசருக்கு 16 ஆம்பியர் சாக்கெட், குறைஞ்சது 2.5 ஸ்கொயர் மில்லிமீட்டர் காப்பர் வயர், லோடு மிஞ்சுனா தானா விழற எம்சிபி ஸ்விட்ச் ஒண்ணு தனியா. இதுல பேரம் பேசாதீங்க. அதோட 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒண்ணு போட்டுடுங்க, 2,000 கிட்ட ஆவும், காயில் பொத்துக்கிட்டு கரண்ட் தண்ணில எறங்குனா சட்டுனு கட் பண்ணிடும். எர்த் வயர் சாக்கெட்ல இருந்தா போதாது, மறுமுனை மண்ணுக்கு போவுதான்னு பாருங்க. பழைய வீடுகள்ல அத இரும்பு தண்ணி பைப்புல கட்டியிருப்பாங்க, அப்புறம் பைப்ப பிவிசிக்கு மாத்தியிருப்பாங்க, எர்த் அந்தரத்துல தொங்கும்.

பைப்புலயும் ஒண்ணு கவனிங்க. சுடுதண்ணி வெளிய வர்ற பக்கம் சாதா பிவிசி போட்டா இளகி வளைஞ்சிடும், சந்தனக் கலர்ல இருக்குமே சிபிவிசி, அதான் போடணும். வீடு சுண்ணாம்புக் காரை சுவரா இருந்தா கீசர தாங்கற ஆங்கர் போல்ட் சுவத்துல நிக்காது, 25 லிட்டர் கீசர் தண்ணியோட 35 கிலோவுக்கு மேல வரும், அதுக்கும் சேத்துதான் 15 போதும்னேன். அப்பவும் சுவத்த துளைச்சி அந்தப் பக்கம் இரும்புத் தட்டு குடுத்து முடுக்கச் சொல்லுங்க.

கேள்வி: எங்க போர் தண்ணி உப்பு. நாலு வருஷத்துல மூணு காயில் மாத்தியாச்சு. ஒவ்வொரு தடவையும் 1,000 ரூபா அழறேன். வேற கம்பெனி வாங்கலாமா சார்?
- ஒரு வாசகர், வேதாரண்யம்

பதில்: கம்பெனிய மாத்தி பிரயோஜனம் இல்ல சார், தண்ணி அதேதானே. உள்ள மெக்னீசியம் ராடு ஒண்ணு இருக்கும், ஆனோடு ராடும்பாங்க. உப்புத்தண்ணி டேங்கயும் காயிலயும் அரிக்கறதுக்கு பதிலா அந்த ராடதான் முதல்ல தின்னும், அது பலியாடு மாதிரி. தின்னு முடிச்சதும் டேங்குக்கும் காயிலுக்கும் வரும். மூணு தடவ காயில் மாத்துன ஆளு ஒரு தடவயாவது அந்த ராட வெளிய எடுத்துக் காட்டுனாரா? உங்க ஊருக்கு வருஷத்துக்கு ஒரு தடவ கழட்டிப் பாக்கணும், விரல் தடிமன்ல போனது பென்சிலாட்டம் இளைச்சிருந்தா மாத்திடணும், சில நூறு ரூபாதான். அடுத்த காயில் இன்கோலாய்ங்கற நிக்கல் கலப்பு உலோகத்துல வாங்குங்க, கூட விலை, ஆனா உப்ப தாங்கும். சூட்ட அளவோட நிறுத்தற தெர்மோஸ்டாட்ட 50 டிகிரிலயே வைங்க, சூடு ஏற ஏற வெள்ளையா படியற காரையும் வேகமா ஏறும். வாரன்டி கார்ட்ல உப்புத்தண்ணிக்கு விலக்கு போட்டிருக்கான்னு வாங்கறப்பவே படிச்சிடுங்க.

கேள்வி: கேஸ் கீசர் விலை கம்மியா இருக்கு, பாத்ரூம்லயே மாட்டலாமா?
- ஒரு வாசகர், மயிலாடுதுறை

பதில்: கூடவே கூடாது. மூடுன பாத்ரூம்ல எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு சேரும், அதுக்கு வாசனையே கிடையாது, மயக்கம் வந்து விழற வரைக்கும் தெரியாது. மாட்டியே ஆகணும்னா வெளிய, கொல்லைப்பக்கம் காத்தோட்டமான எடத்துல மாட்டி பைப்ப மட்டும் உள்ள விடுங்க.

கேள்வி: புது கீசர் வந்தாச்சு. பரண்ல கெடக்கற தாத்தா காலத்து செம்பு பாய்லர பழைய பாத்திரக் கடைல கேக்கறாங்க, போட்டுடலாமா?
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: போட்டுடாதீங்க. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சத உங்க ஊர்க்காரங்களுக்கு நான் சொல்லணுமா என்ன. வாரக்கணக்குல கரண்ட் இல்ல, எங்க பாத்தாலும் தென்ன மரம் விழுந்து கெடந்துது, எரிக்க மட்டைக்கும் பாளைக்கும் பஞ்சமே இல்ல. என் சித்தி வீட்டு பாய்லர் ஒண்ணுதான் அவங்க தெரு பூராவுக்கும் சுடுதண்ணி குடுத்துது, வாசல்ல வாளியோட வரிசை நிக்கும். குழாய் ஒழுகுதுன்னா கும்பகோணத்துல பாத்திரம் பத்த வைக்கறவங்ககிட்ட குடுங்க, நடுவுல இருக்கற புகைக்குழாய்ல ஓட்டை இருக்கான்னும் தண்ணி ஊத்திப் பாக்கச் சொல்லுங்க. புளி போட்டு நீங்களே வெளக்கிடலாம்.